போறதுக்கா, வாறதுக்கா?

1

போன வாரம் பக்கத்து ஊட்டு வெள்ளைக்காரம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு என்னிடம் ஏதோ கேட்டாள். நல்ல மனுசி. தோட்டத்தில் எலுமிச்சை பழுத்தால் எங்களுக்கும் ஒரு பை கொடுப்பாள். அவள் பேசியதில் ‘ஹோம்’ என்பதும் ‘பார்’ என்பதும் மட்டும் எனக்குப் பிடிபட்டது. ஊட்டைப் பார் என்கிறாளாக்கும் என்று திரும்பி எங்கள் ஊட்டைப் பார்த்தேன். கதவு சாத்தியபடி இருந்தது. கூரையும் அப்படியேதான் இருந்தது. மறுபடி அவளைப் பார்த்தேன். அவள் மறுபடி, “பார்?” என்றாள். நான் மறுபடி பார்த்தேன்.

என் பேத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அம்மாயி, பார்னா தூரம். உங்க ஊரு ரொம்ப தூரமான்னு கேக்கறாங்க” என்றாள். எனக்குப் பதில் யோசிக்க நேரம் கொடுக்காமல் கையிலிருந்த போனிடமே கேட்டுவிட்டாள். நாங்கள் இருக்கிற ஆக்லாந்துக்கும் எங்கள் மலைக்குப் பக்கமான திருச்சிக்கும் பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல், பிளேனில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் என்று போன் சொன்னது. வெள்ளைக்காரம்மா, “ஓ” என்று நெஞ்சில் கை வைத்தாள்.

போன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அது பதில் இல்லை. எங்கள் கொல்லிமலையில் யாராவது தூரம் கேட்டால் எடுத்த எடுப்பில் பதில் சொல்ல மாட்டோம். “போறதுக்குங்களா, வாறதுக்குங்களா?” என்று திருப்பிக் கேட்போம். கீழ்நாட்டுக்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஒரே பாதைதானே, அதில் என்ன போறது வாறது என்பார்கள். பாதை ஒன்றுதான். போகையில் இறக்கமாய் இருந்தது வருகையில் ஏத்தமாய் எதிரே நிற்கும். அதை மலையில் பிறந்தவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

எங்கள் அக்கா நல்லாயி போய் இந்தக் கார்த்திகை வந்தால் ஒரு வருசம். வேலி ஓரம் அந்தக் கேள்வி வந்ததிலிருந்து அவள் நினைப்பாகவே இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் பெயர் சின்னப்பொண்ணு. எழுபதைத் தாண்டியும் அதே பெயர்தான். பள்ளிக்கூடம் போனவள் இல்லை. என் மகள் மல்லிகா விளக்கடியில் உட்கார்ந்து படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிடித்துக்கொண்ட எழுத்து இது. சுழி கூடக் குறைய இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். விசயத்தில் தப்பு இருக்காது.

2

எங்கள் அய்யனுக்கு நாங்கள் இரண்டு பேர்தான். அக்கா நல்லாயி, அடுத்து நான். ஆண்பிள்ளை கிடையாது. அக்காளை வளப்பூர் நாட்டில் ஒரு சரிவில் கட்டிக்கொடுத்தார்கள். எனக்கு வாய்த்த ஊடு அதற்கு நேர் எதிர்ச் சரிவு. நடுவில் ஆழமான ஓடை.

என் வாசலிலிருந்து பார்த்தால் அக்கா அவள் வாசலில் கிழங்கு காயப்போடுவது தெரியும். குனிகிறாளா நிமிர்கிறாளா என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆனால் போகவேண்டுமானால் ஓடைக்கு இறங்கி, பாறை தாண்டி, அந்தப் பக்கம் ஏறியாக வேண்டும். ஒரு பொழுது போய்விடும். கண்ணுக்குக் கிட்டக்க, காலுக்கு எட்டாக்கை என்று சொல்வோம். எட்டாக்கை என்றால் எங்கள் பக்கம் தொலைவு.

அதனால் எங்கள் பேச்செல்லாம் கூப்பாட்டில்தான். “அக்கோவ்!” என்று ஒரு குரல் விட்டால், “என்னடீ!” என்று அங்கிருந்து வரும். மாடு கன்று போட்டதும், மல்லிகா வயசுக்கு வந்ததும் ஓடையைத் தாண்டிக் குரலில் போன சேதிதான். ரகசியம் மட்டும் பேச முடியாது. ஊரே கேட்கும்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தோம். நான் அங்கே போய்விட்டுத் திரும்பினால், என் வாசலுக்கு வந்து நின்று, “ஏறிட்டேன்!” என்று குரல் கொடுக்க வேண்டும். அவள் வந்துவிட்டுப் போனாலும் அப்படித்தான். அந்தக் குரல் வரும்வரை வழியனுப்பினவள் வாசலை விட்டு உள்ளே போகக்கூடாது. அடுப்பில் சோறு குழைந்தாலும் நிற்க வேண்டும். ஒருமுறை நான் வழியில் மழைக்கு ஒதுங்கிவிட்டேன். ஏறி வந்து குரல் கொடுக்கும்போது நன்றாக இருட்டிவிட்டது. அந்தப் பக்கமிருந்து ஒரு வசவு வந்தது பாருங்கள், அதை இங்கே எழுத முடியாது. நனைந்தபடி நின்றிருந்திருக்கிறாள்.

3

மல்லிகா நர்ஸ் படித்தாள். படிப்பு அவளைக் கீழ்நாட்டுக்கு இறக்கியது, பிறகு கடலைத் தாண்டவும் வைத்தது. இங்கே வயசானவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லத்தில் வேலை. என் ஊட்டுக்காரர் போனபிறகு, “தனியா இருக்க வேண்டாம்மா” என்று என்னையும் கூட்டி வந்துவிட்டாள். பகலெல்லாம் யார் யாருடைய அம்மாவையோ குளிப்பாட்டிவிட்டு, சாயங்காலம் வந்து என்னைப் பார்த்து, “சாப்பிட்டியாம்மா?” என்பாள். நான் குறை சொல்லவில்லை. வேலை அப்படி.

பேத்திக்குப் பத்து வயசு. அம்மாயி என்று ஆரம்பிக்கும்போது தமிழ், போகப் போக இங்கிலீசு. அதற்குப் பிறகு வருவதில் பாதி எனக்கு ஏறாது. நான் பேசுவதில் பாதி அவளுக்கு ஏறாது. இருந்தாலும் இரண்டு பேரும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

வந்து சில வருசத்தில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டோம். மல்லிகா டிக்கெட்டைப் படம் பிடித்து அக்கா மகன் பழனிக்கு அனுப்பினாள். அவன் அதைத் தன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினான். ஆக்லாந்தில் மதியம் பன்னிரண்டு மணிக்கு ஏறுகிறேன், திருச்சியில் அன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு இறங்குகிறேன். எழுதியிருந்தது அவ்வளவுதான்.

அக்கா விரலை மடக்கி மணியை எண்ணியிருக்கிறாள். எனக்குப் போன் வந்தது.

“ஏன் புள்ள, மத்தியானச் சோத்த அங்க தின்னுபோட்டு ராத்திரி இங்க வந்து படுத்துக்கலாமாட்ட இருக்குது?”

“டிக்கெட்டுல அப்படித்தான் போட்டிருக்குது அக்கா.”

“நானு மலையிலிருந்து மெட்ராஸ் ஆசுபத்திரிக்குப் போறதுக்கே அத்தன நேரம் ஆகுது. இந்தத் தூரத்துக்கா இத்தன வருசம் என்னமோ வேத்துலோகத்துக்குப் போனவளாட்டம் இருந்தே?”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நானும் சிரித்துவிட்டேன். அப்போதே விளக்கியிருக்கலாம். டிக்கெட்டில் ஏறுகிற மணி இந்த ஊர்க் கடிகாரம், இறங்குகிற மணி அந்த ஊர்க் கடிகாரம். இங்கே நாங்கள் மதியச் சோற்றுக்கு உட்காரும்போதுதான் மலையில் கோழி கூவும். பிளேன் மேற்கே போகப் போகப் பொழுதும் கூடவே வருகிறது. அதனால்தான் பதினேழு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து போனாலும் தாளில் பதினொன்றாகத் தெரிகிறது. அக்காளுக்கு அது தெரியாது. பழனிக்கும் தெரியாது. எனக்கே அப்போது அரைகுறைதான்.

அந்தப் பயணம் நடக்கவில்லை. இங்கிருந்து போனால் திரும்பி உள்ளே வர ஒரு அனுமதி வேண்டும். அது கைக்கு வராமல் கிளம்பினால் திரும்பும்போது வாசலிலேயே நிறுத்திவிடுவார்களாம். மல்லிகா அந்த ஆபீசுக்குப் போன் போடுவாள். பாட்டுப் போடுவார்கள். அந்தப் பாட்டு எனக்கே பாடமாகிவிட்டது. கடைசியில், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பார்கள். அவர்கள் பார்த்து முடிப்பதற்குள் டிக்கெட் நாள் போய்விட்டது.

அக்காளிடம் ஆபீசு, அனுமதி என்று சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். “ஒரு நாப் பொழுதுக்குள்ள வர்ற தூரம். மனசிருந்தா வந்திருப்பே. இல்லியா?”

அதற்குப் பிறகு பழனி போன் போட்டுக் கொடுத்தாலும் வாங்கமாட்டாள். “மாடு கத்துது, அப்பறம் பேசறேன்னு சொல்லு” என்பாள். அவளிடம் அப்போது மாடே இல்லை.

நான் கெஞ்சவில்லை. நல்லாயி தங்கச்சி கெஞ்சமாட்டாள்.

4

போன வருசம் ஆவணியில் ஒரு நாள் பழனி கூப்பிட்டான். மழை, மிளகு, ரோட்டில் மண் சரிந்தது என்று சுற்றிச் சுற்றிப் பேசினான். பிறகு குரலை இறக்கினான்.

“சின்னம்மா, பிளேன்ல மொத்தம் எத்தன மணி நேரங்க ஆகும்?”

“எதுக்கு சாமி கேக்கறே?”

“சும்மாதானுங்க.”

சும்மா இல்லை. எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. பெண்ணாய்ப் பிறந்தவள் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாலும், அவள் கண் மூடினால் பிறந்த ஊட்டிலிருந்து கோடித் துணி வரவேண்டும். தண்ணீர் படாத புதுத் துணி. அது வந்து மேலே விழுந்தால்தான் பாடையைத் தூக்குவார்கள். இல்லாவிட்டால், பிறந்த ஊடு அத்துப்போனவள் என்ற பேச்சோடு போகவேண்டும். அண்ணன் தம்பி இருந்தால் அவர்கள் கொண்டுவருவார்கள். எங்கள் அய்யன் ஊட்டில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான். பழனி பிளேனுக்கு ஆகிற நேரத்தைக் கேட்கவில்லை. தன் அம்மாவை எத்தனை நேரம் வாசலில் கிடத்தி வைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறான். அதை எப்படி வாய்விட்டுக் கேட்பான்?

நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு குரல். இளைத்திருந்தது, ஆனால் அதே குரல்.

“டேய், போன இங்க குடுறா. மென்னு முழுங்கிக்கிட்டு நிக்கறான்.” பிறகு என்னிடம், “ஏன் புள்ள, இவன் எதுக்குக் கேக்கறான்னு தெரியுதா?”

“தெரியுது அக்கா.”

“டாக்டர் நெஞ்சுல தண்ணி கட்டியிருக்குதுன்னு சொல்லிப்போட்டாரு. நானு செத்தாலும் உன்ற பிளேன் வர்ற வரைக்கும் என்னைய ஐஸ் பொட்டியில போட்டு வெப்பாங்களாமா. நானு குளுருல பொறந்தவதான். அதுக்காகப் பொட்டிக்குள்ள கெடக்க மாட்டேன்.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள்.

“பொணத்துக்குப் போடற துணிய நானு பாக்கவா போறேன்? இப்பக் கொண்டா. கண்ணு தெரியறப்பவே பாத்துக்கறேன்.”

“அனுமதி இப்ப கையில இருக்குது அக்கா. வாரேன்.”

“வா. மத்தியானம் ஏறுனா ராத்திரி வந்துறலாமல்ல” என்று ஒரு குத்துக் குத்திவிட்டுத்தான் போனைக் கொடுத்தாள்.

5

இந்தியக்காரர்கள் கடை வைத்திருக்கிற தெருவுக்கு மல்லிகா கூட்டிப்போனாள். “அங்க போய் வாங்கிக்கலாமேம்மா, விலையும் பாதிதான்” என்றாள். எனக்கு ஒப்பவில்லை. பிறந்த ஊட்டுத் துணி என்றால், நான் இருக்கிற ஊட்டிலிருந்து கிளம்பவேண்டும். மிளகுக் கொடியின் முற்றின இலை இருக்குமே, அந்தப் பச்சையில் ஒரு நூல் சேலை கிடைத்தது. மடிப்பைப் பிரித்தால் ஓரத்தில் சேலம் பக்கத்து நெசவுக்காரர் முத்திரை. எங்கள் மலையடியில் நெய்தது. அதுவும் என்னைப்போலவே கடல் தாண்டி வந்து கண்ணாடிக்குள் மடங்கி உட்கார்ந்திருக்கிறது. எடுத்துக்கொண்டேன்.

மல்லிகாவுக்கு லீவு இல்லை. தனியாகத்தான் போனேன். ஆக்லாந்து ஏர்போர்ட்டில் ஒரு பையன் தாளைப் பார்த்து, “சின்...னா...பொன்...னூ” என்று எழுத்தெழுத்தாய்ப் படித்துவிட்டு என் நரையைப் பார்த்தான். நான் நிமிர்ந்தே நின்றேன். நடுவில் சிங்கப்பூரில் இறங்கி வேறு பிளேன் மாறினேன். சேலைப் பையை மேலே வைக்கச் சொன்னார்கள். மடியைவிட்டு இறக்கவில்லை.

திருச்சியில் இறங்கும்போது ராத்திரி. பழனி வந்திருந்தான். விடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, சேந்தமங்கலம் வந்து மலை பஸ் ஏறினோம். எழுபது வளைவிலும் என் மூட்டு தனித்தனியாகப் பேசியது. கண்டக்டர், “ஏனுங்க ஆத்தா, எங்கிருந்து வாறீங்க?” என்றார். “எட்டாக்கையிலிருந்து சாமி” என்றேன். நாமக்கல்லா என்று கேட்டு டிக்கெட் கிழித்தார். பழனி வாயைத் திறக்கப்போனான். நான் வேண்டாம் என்று தொடையில் தட்டினேன்.

6

அக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு பாதியாகிவிட்டது. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “மூஞ்சியெல்லாம் ஏன் இப்படி வீங்கிக் கெடக்குது? தூங்கலியா?” என்றாள்.

“ரெண்டு பிளேனு அக்கா. பதினேழு மணி நேரத்துக்கு மேல.”

“பொய் சொல்லாதே. டிக்கெட்டுல பதினொண்ணுதான்.”

அப்போதுதான் விளக்கினேன். எனக்குத் தெரிந்த மாதிரி விளக்கினேன். “போறதுக்குன்னு கேட்டா ஒரு கணக்கு, வாறதுக்குன்னு கேட்டா ஒரு கணக்கு அக்கா. இங்க வாறப்ப பொழுது நம்மகூடவே வருது. தாளுல கொறச்சலாத் தெரியும். திரும்பிப் போறப்ப பொழுது எதுத்தாப்புல வருது. ராத்திரி இங்க ஏறுனா அடுத்த நா ராத்திரிதான் அங்க எறங்க முடியும்.”

அக்கா எழுத்து அறியாதவள். ஆனால் அந்தச் சரிவில் ஐம்பது அறுபது வருசம் ஏறி இறங்கினவள்.

“அப்ப நீ மேட்டுல இருக்கே” என்றாள். “இங்க வாறது எறக்கம். திரும்பிப் போறது ஏத்தம்.”

“ஆமா அக்கா.”

“அட லூசுக் கழுத. இத அன்னிக்கே மேடுன்னு சொல்லியிருந்தா நானு கோவிச்சிருப்பனா? ஆபீசு, அனுமதின்னு என்னமோ உளறுனே.”

அவ்வளவுதான். இத்தனை நாள் பேசாமல் இருந்தது அந்த ஒரு சொல்லில் தீர்ந்தது. என் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சேலையைப் பிரித்துக் காட்டினேன். தடவித் தடவிப் பார்த்தாள். கட்டிவிடச் சொன்னாள்.

“கட்டுனா அது கோடி ஆகாதே அக்கா. பொழங்குன துணிய ஊர்ல ஒத்துக்க மாட்டாங்க.”

“அதெல்லாம் யோசிச்சுப்போட்டேன்” என்று சேலையின் கடைசியைத் தேடிப் பிடித்தாள். சேலையோடு சேர்த்தே நெய்த ரவிக்கைத் துணி. “இத வெட்டி எடு. சேல எனக்கு உசுரோட கட்டறதுக்கு. இந்தத் துண்டு தண்ணி படாமக் கெடக்கட்டும், கோடிக்கு. ரெண்டும் ஒரே தறிதான், ஒரே ஊட்டுதுதான்.”

பழனி தயங்கினான். “ரவிக்கத் துணிங்களாம்மா?”

“எந்தக் காலத்துலடா உங்கம்மா ரவிக்க போட்டா? எங்க காலத்துல மலையில யாரு போட்டா? போறப்பவாவது போட்டுக்கிட்டுப் போறேன்” என்றாள். சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது. நாங்கள் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தோம்.

என் கையாலேயே வெட்டினேன். மடித்து அவளுடைய தகரப் பெட்டியில் வைத்தேன். சேலையை அவளுக்குக் கட்டிவிட்டேன். மாசம் முழுக்க அதைத்தான் துவைத்துத் துவைத்துக் கட்டினாள். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம், “என்ற பொறந்த ஊட்டுச் சேல, மேட்டுல இருந்து வந்துச்சு” என்பாள்.

புரட்டாசியில் கிளம்பினேன். அக்காளை வாசல் வரை பிடித்து நடத்திக் கொண்டுவந்தான் பழனி. “போய் ஏறுனதும் கொரலு குடு” என்றாள். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கடந்து ஆக்லாந்தில் இறங்கினதும், பெட்டிகூட எடுக்காமல் போன் போட்டேன்.

“ஏறிட்டேன் அக்கோவ்!”

ஏர்போர்ட்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பக்கமிருந்து, “கேட்டுச்சு, கேட்டுச்சு. இனி நானு உள்ள போறேன்” என்றாள்.

7

கார்த்திகையில் ஒரு நாள் பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். பழனி கூப்பிட்டான். இந்த முறை மழை, மிளகு எதுவும் பேசவில்லை. எத்தனை மணி நேரம் என்றும் கேட்கவில்லை.

“சின்னம்மா, அம்மா போயிட்டாங்க.”

மலையில் அப்போதுதான் விடிந்திருந்தது. உச்சிப் பொழுதுக்குள் எடுத்துவிட்டார்கள். யாரையும் எதிர்பார்த்துக் கிடத்தி வைக்கவில்லை. ஊர்ப் பெரியவர் ஒருவர், “பொறந்த ஊட்டுக் கோடி எங்க? தங்கச்சிக்காரி கடல் தாண்டியல்ல இருக்கறா?” என்றாராம். பழனி பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

“ஆளு வராமத் துணி மட்டும் எப்படிடா வந்துச்சு?”

“மொதல்லயே வந்துருச்சுங்க மாமா.”

பெரியவர் விரித்துப் பார்த்தாராம். மடிப்புக் கலையவில்லை, கஞ்சி போகவில்லை. அவரே வாங்கி அக்கா மேல் போர்த்தினாராம். இது எனக்குப் போதும். என் அக்கா பிறந்த ஊடு அத்துப்போனவளாகப் போகவில்லை.

கடைசி வாரம் மூச்சு முட்டும்போது பழனி, சின்னம்மாவை வரச்சொல்லட்டுமா என்று கேட்டிருக்கிறான். அக்கா கையை ஆட்டி மறுத்திருக்கிறாள். “கூப்பிடாதே. கூப்பிட்டா எறங்கி வந்துருவா. அப்பறம் அவ்வளவு ஏத்தமும் ஏறோணுமல்ல, மூட்டு வலிக்காரி” என்றாளாம்.

அன்றைக்கு எடுக்கும்போது பழனி போனை வாசல் திண்ணையில் வைத்துவிட்டுப் பாடையோடு போனான். படம் வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சத்தம் மட்டும் கேட்டேன். கொட்டுச் சத்தம் முதலில் கிட்டத்தில் கேட்டது. பிறகு ஓடைப் பக்கம் இறங்கியது. பிறகு அந்தப் பக்கம் ஏறியிருக்க வேண்டும், தேய்ந்து தேய்ந்து காதுக்கு எட்டாமல் போனது. போனை வைத்துவிட்டேன்.

இங்கே அப்போது சாயங்காலம், துணிக்கொடி ஓரத்திலேயே நின்றேன். காற்று பலமாக அடித்தது. உலர்த்தின துணியெல்லாம் என் மேல் வந்து மோதியது. வேலிக்கு அப்பால் வெள்ளைக்காரம்மா என்னைப் பார்த்துவிட்டு, மெல்லத் தன் கதவைச் சாத்திக்கொண்டாள். பேத்தி வந்து கையைப் பிடித்தாள். “அம்மாயி, உள்ள வா. குளுருது.”

“நீ போ கண்ணு” என்றேன். “உங்க பெரியம்மாயி இன்னும் ஏறிட்டேன்னு கொரலு குடுக்கல.”